கல்வெட்டில் இருப்பது நீ இல்லை, தம்பி

என்ரை குணம், எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையே,

அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் நான் இருந்தேன், நான் இல்லை என்று கதை மாற்றக் கூடாது. உன்ரை மனிசி பத்மா. உன்ரை மகள் ஆரணி. அந்தியேட்டிச் சடங்கு செய்ய வந்த ஐயர். உன்ரை நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தை அச்சடித்துக்கொண்டு வந்த பேரின்பம் மாஸ்டர். உன்னோடு டென்மார்க் கப்பலில் அறை துப்புரவாக்கின ஆர்னே. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்த என்ரை மகன் ரவி. பிறகு நான். ஏழு பேர். மற்ற ஆட்களுக்கு அன்றைய பனி நல்ல சாட்டாகப் போய்விட்டது. உன்ரை வீடு இருக்கிற ஹொல்ம்லியாவுக்கு ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அது நீ செத்து முப்பத்தோராம் நாள். இப்போது ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. இடையில் பத்து மாதம் ஆரணி உன்ரை படத்தைச் சுவரிலிருந்து கழற்றி வைத்திருந்தாள். தன்னைப் பெற்றதே உனக்குப் பெரிய விசயமாய் இருக்கவில்லை என்று அவள் நம்பினாள். அப்படி நம்பும்படி செய்தது அந்தக் கல்வெட்டு. அதை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில் வைத்திருக்கிற எல்லாரும் இதையும் வாசிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதுகிற கடிதத்தைப் பகிரங்கமாய் எழுதுகிறேன்.

என்ரை பேத்தி கணினியில் அடித்துத் தருகிறாள். ஒரு சொல்லும் வெட்டக் கூடாது, கூட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். "எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தக் கூடாதோ அப்பம்மா?" என்று கேட்டாள். அதைத் திருத்து, வேறொன்றிலும் கை வைக்காதே என்றேன்.

முதலில் துரையைப் பற்றிச் சொல்ல வேணும். உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாசிக்கிறவைக்கு அவரைத் தெரியாது.

துரை என்று நாங்கள் இருவரும் கூப்பிட்ட ஆள் விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளைக்காரர். கப்பற்படையின் சரித்திரம் எழுதினவர். அதோடு பத்திரிகைக்காரர். அவர் எழுதின தடித்த புத்தகங்களில் ஒன்று திருகோணமலையில் எங்கள் வீட்டில் கிடந்தது. கடற்படைத் துறைமுகத்தில் வேலை செய்த அப்பா, வெள்ளைக்காரர் விட்டுப்போன சாமான்களோடு அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அதைக் கதவு அடிபடாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தா. நீ அதை எழுத்துக் கூட்டி வாசித்து இங்கிலீசு படித்தாய். நான் படிக்கவில்லை. என்னை ஐந்தாம் வகுப்போடு நிற்பாட்டினார்கள், உன்னைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேணும் என்று. அதை நான் மறக்கவில்லை. அது உன்ரை பிழையில்லை என்பதையும் மறக்கவில்லை.

இஞ்சை நோர்வேயில் ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, பெரிய நூலகத்தில் துரையின் மற்றப் புத்தகங்களும் நிலவறையில் இருக்கிறதென்று கண்டுபிடித்தாய். அன்றைக்குத் தொடங்கியது. கப்பல் கரைக்கு வருகிற வியாழக்கிழமை ரொம்மனில் என்ரை வீட்டுக்கு வருவாய். சோறு தின்பாய். பிறகு கொப்பியைத் திறந்து, அந்தக் கிழமை எழுதினதை வாசிப்பாய். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்பேன். இருபது வருசம் கேட்டேன். ஒரு வரி விடாமல் இன்னும் மனப்பாடமாய் இருக்கிறது.

துரை ஒரு வைத்தியரின் மகன். தகப்பன் தன்னைப் போல வைத்தியனாக்கப் பார்த்தார். இவர் ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்து, பத்திரிகை வேலைக்குப் போனார். எழுதினதற்குக் கீழே பெயர் போட மாட்டார். கோடை காலத்தில் மகாராணியின் கப்பல்கள் இரண்டு பக்கமாய்ப் பிரிந்து பொய்ச்சண்டை பிடித்துப் பழகும். அதில் ஒரு கப்பலில் இவருக்கு மட்டும் இடம் கொடுப்பார்கள். இவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவார். எந்தக் கப்பல் பிழையாய்த் திரும்பியது, எந்தப் பீரங்கி வெடிக்காமல் நின்றது, எந்தத் தளபதி கடல் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்தான் என்றெல்லாம் எழுதுவார். தளபதிமாருக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனால் அடுத்த கோடையும் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் இன்னும் மோசமாய் எழுதிப்போடுவாரோ என்ற பயம்.

பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று நின்று கடைசியில் இரண்டு காதும் போய்விட்டது. பிறகு கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்து சரித்திரம் எழுதினார். ஆட்கள் அவரோடு கதைக்க வேணுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்ட வேணும். கடல் கண்ணில் படாத ஊரில், ஒரு சத்தமும் கேட்காமல் இருந்து, கப்பல் சண்டைகளை எல்லாம் எழுதி முடித்தார்.

இந்த ஆளின் வாழ்க்கையை நீ தமிழில் எழுதினாய். ஆனால் "அவர் போனார், அவர் வந்தார்" என்று எழுதவில்லை. "நான் போனேன், நான் வந்தேன்" என்று எழுதினாய். நான் கேட்டேன், "என்னடா இது, நீயே துரை மாதிரி எழுதியிருக்கிறாய்?"

"அவராய் நிண்டு எழுதினால்தான் கை ஓடுது அக்கா. தள்ளி நிண்டால் மாஸ்டர் எழுதின மாதிரி வருகுது."

சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

நீ போய் இரண்டாம் கிழமை, கல்வெட்டுக்கு வாழ்க்கை வரலாறு வேணும் என்று பேரின்பம் மாஸ்டர் உன்ரை வீட்டுக்கு வந்தார். இந்த நகரத்தில் ஆர் செத்தாலும் கல்வெட்டு அவர்தானே. தேவாரம் போடுவார், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று பாட்டும் அவரே கட்டுவார். ஆரணி புலம்பாத புலம்பலையும் அவர்தான் எழுதினார். பத்மா உன்ரை கொப்பிகளை ஒரு பையோடு எடுத்துக் கொடுத்தா. அவ அதுவரைக்கும் அதைத் திறந்து பார்த்ததில்லை. "அவர் ஏதோ கப்பலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்" என்றாவாம். பத்மா சொன்னது பொய்யில்லை.

மாஸ்டர் மூன்றாம் கொப்பியை எடுத்தார். முதலாம் கொப்பியின் முதல் பக்கத்தில் "துரையின் வாழ்க்கை" என்று நீ எழுதி வைத்தது எனக்குத் தெரியும். மூன்றாவதில் அது இல்லை. எல்லாம் "நான்". "நான் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினேன்." ஓம், நீயும் இஞ்சை எங்கள் ஆட்களின் பத்திரிகைக்குப் பெயர் போடாமல் எழுதினனீ. "நான் கோடை முழுக்கக் கப்பலில் இருந்தேன்." ஓம், நீயும் இருந்தனீ. முப்பத்தோராம் நாளுக்கு முதல் புத்தகம் வர வேணும் என்ற அவசரத்தில் இருக்கிற மனிசன் வேறென்ன நினைப்பார்?

பொருந்தாத இடங்களை வெட்டினார். பீரங்கி போனது. மகாராணி போனா. போர்க்கப்பல் வெறும் கப்பலாகியது.

அச்சுக்குக் கொடுக்க முதல் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அக்கா, தம்பி தன்ரை கையாலேயே தன்ரை வரலாற்றை எழுதி வைச்சிருக்கிறார். கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறார். அதுகளை நான் வெட்டிப்போட்டன். மூத்தவ நீங்கள், ஒருக்காக் கேளுங்கோ."

முதல் பக்கத்தை வாசித்தார். இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

பிழை என்று நான் சொல்லவில்லை, தம்பி.

ஏன் என்று உனக்குத் தெரியும். வாசிக்கிறவைக்குத் தெரியாது. பதினொரு வருசத்துக்கு முதல் என்ரை மனிசனின் கல்வெட்டிலும் இதே மாஸ்டர்தான். நான் பிறந்த இடத்தை மாற்றி எழுதிவிட்டார். பிழை என்று சொன்னேன். மண்டபத்தில் அவ்வளவு சனத்துக்கு முன்னால், "படிக்காத மனிசிக்கு எழுத்தில என்ன பிழை தெரியப் போகுது?" என்று சொல்லிச் சிரித்தார். சனமும் சிரித்தது. ஆர் ஆர் சிரித்தது என்று இப்போது கேட்டாலும் வரிசையாய்ச் சொல்லுவேன்.

அதனால் தொலைபேசியில், "நல்லாய் இருக்கு மாஸ்டர், அடியுங்கோ" என்றேன். முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் முன்னால் எழும்பி, இது என்ரை தம்பியின் கதையில்லை, இது துரையின் கதை, கொப்பியின் முன்பக்கத்தைப் பார்க்கத் தெரியாத படிச்ச மனிசன் இவர் என்று சொல்லிப் பழி தீர்க்க வேணும் என்று நினைத்தேன். சொல்லுகிற வசனத்தைக்கூடக் குளிக்கும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் வாசித்தது ஒரு பக்கம். மிச்சப் பக்கங்களில் என்ன இருக்கிறதென்று நான் யோசிக்கவில்லை. எல்லாம் மனப்பாடமாய் இருந்தும் யோசிக்கவில்லை.

அன்றைக்குச் சடங்கு முடிந்து, சாப்பாட்டுக்கு முதல், மாஸ்டர் கல்வெட்டை எல்லார் கையிலும் தந்தார். ஆரணியைப் பார்த்து, "பிள்ளை, அப்பாவின்ரை எழுத்தை நீர் வாசிக்க வேணும். அதுதான் முறை" என்றார்.

"என்ரை தமிழ் தெரியும்தானே அங்கிள். விடிஞ்சிடும்."

"பரவாயில்லை. ஒரு பந்தி போதும்."

அவள் சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ். விரலை வரிக்குக் கீழே வைத்து வாசித்தாள். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆர்னே ஒன்றும் விளங்காமல், மரியாதைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் எழும்புகிறதுக்குச் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்போது அவள் இந்த இடத்துக்கு வந்தாள்:

"கரையில் எனக்கொரு மகள் பிறந்திருக்கிறாள் என்று செய்தி வந்தது. கப்பலை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. இறங்காததற்காக நான் வருந்தவும் இல்லை."

மெதுவாய் வாசிக்கிறவள் என்றபடியால் ஒவ்வொரு சொல்லாய் வந்தது. கடைசி வரியை வாசித்து முடித்த பிறகுதான் அதன் கருத்து அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. விரல் அந்த இடத்திலேயே நின்றது. அவள் பிறந்த அன்றைக்கு நீ கப்பலில் இருந்தாய் என்று அவளுக்கு முதலே தெரியும். ஏன் வரவில்லை என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். நீ வழக்கம்போலப் பகிடி விட்டிருப்பாய். பிள்ளைப்பேற்று மயக்கத்தில் கிடந்த பத்மாவுக்கு நீ எப்ப வந்தாய் என்றே தெரியாது.

நான் எழும்பினேன். "இது உன்ரை கொப்பா இல்லை பிள்ளை, இது துரை" என்றேன். அடுத்த வரிகளையும் சொன்னேன். மாஸ்டர் வெட்டின வரிகள். காது போன பிறகு, பன்னிரண்டு வயது மகள் துரையின் சிலேட்டில் எழுதிக் கேட்கிறாள், "அப்பா, நான் பிறந்த அன்றைக்கு எந்தக் கப்பல் வென்றது?" என்று. துரைக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சிலேட்டை அழிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போகிறார். அந்த அத்தியாயம் அங்கேதான் முடிகிறது.

ஆரணி என்னைப் பார்த்தாள். "நல்ல கதை மாமி. இப்பவா யோசிச்சீங்கள்?"

"கொப்பியில இருக்கு பிள்ளை."

"கொப்பி எங்கை?"

பத்மா வாயில் கை வைத்தா. மாஸ்டர் திருப்பிக் கொடுத்த பையை உன்ரை உடுப்புப் பைகளோடு சேர்த்து வைத்திருக்கிறா. பழைய உடுப்புப் போடுகிற பெட்டிக்குள் எல்லாம் போய்விட்டது. உன்ரை இருபது வருசம் ஆரோ ஒருவரின் பழைய ஜாக்கெட்டுக்குக் கீழே போனது.

மாஸ்டர் சொன்னார், "அக்காவுக்கு வயசு போட்டுது, தம்பியில பாசம். விடுங்கோ." எனக்கு அந்த இடத்தில் அவரைக் கொல்ல வேணும் போல இருந்தது. ஆனால் ஆரணி அதற்குள் தன்ரை கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாள். லோறென்ஸ்கூக்கில் இருக்கிற வீட்டுக்குப் போனவள் பத்து மாதம் ஒருவர் வீட்டுக்கும் வரவில்லை. தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பாள். நான் எடுத்தால், "வேலை மாமி" என்பாள்.

நான் இரண்டு தரம் பேருந்து எடுத்துப் போனேன். முதல் தரம் வாசலில் வைத்துக் கதைத்தாள். இரண்டாம் தரம் உள்ளே விட்டாள். சுவரில் உன்ரை படம் இருந்த இடம் வெள்ளையாய்த் தெரிந்தது. "மாமி, நீங்கள் எப்பவும் அப்பாவின்ரை பக்கம்தான். உங்களுக்கு அவர் பிழை விடவே மாட்டார்" என்றாள். அது உண்மைதானே.

துரையின் கதை தெரிந்த ஆள் இன்னும் ஆர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். உன்ரை நண்பர்மாருக்கு நீ வாசித்துக் காட்டினதில்லை. வெட்கப்படுவாய். கடைசியில் ஆர்னேயின் ஞாபகம் வந்தது. ஒரு நாள் நீ சொல்லியிருக்கிறாய், அறை துப்புரவாக்கும்போது கதைக்க வேறொன்றும் இல்லாமல் அவனுக்குத் துரையின் கதையைச் சொல்லுகிறனான் என்று.

ஆர்னே உன்ரை வீட்டிலிருந்து மூன்று கட்டிடம் தள்ளித்தான் இருக்கிறான். நான் அவனோடு பதினெட்டு வருசம் கதைத்ததில்லை. யூல் என்கிற கிறிஸ்மஸ் பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பன்றி விலா சுட்டுக்கொண்டு வந்தவன். அதுவும் கார்த்திகை விரதச் சட்டியெல்லாம் கழுவி வைத்த குசினிக்குள். உன்ரை முப்பத்தோராம் நாளும் அவனுக்குத் தலை மட்டும்தான் ஆட்டினேன். அந்தப் பன்றி விலாவைத் தாண்டி அவன் வீட்டுக் கதவைத் தட்ட எனக்குப் பத்து மாதம் எடுத்தது. எழுத வெட்கமாய்த்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

என்ரை நோர்ஸ்க் பாசை உனக்குத் தெரியும். கடை, வைத்தியர், பேருந்து, இவ்வளவும்தான். "நீ. வா. ஆரணி. குணம். கப்பல்" என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் சப்பாத்துப் போட்டான். இரண்டு பேரும் ரயிலும் பேருந்தும் எடுத்து, வழியில் ஒரு சொல்லும் கதைக்காமல், லோறென்ஸ்கூக் போய்ச் சேர்ந்தோம்.

ஆரணி கதவைத் திறந்து எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கண்டதும் ஆரும் செத்துப் போச்சோ என்று பயந்துவிட்டாள்.

அவள் அவனிடம் நோர்ஸ்கில் கேட்டாள். அவன் சொன்னதைத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொல்லிச் சொல்லித்தான் கேட்டாள். அவள் குரல் வழியாய்த்தான் எனக்கு எல்லாம் வந்தது.

அவள் பிறந்த அன்றைக்குக் கப்பல் டென்மார்க்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்ததாம். இரண்டு கிழமை முந்திப் பிறந்த பிள்ளை. செய்தி கப்பல் அலுவலகத்துக்கு வந்தது. நீ மேலாளரிடம் போய்க் கப்பலை நிற்பாட்டுங்கள் என்று கேட்டாயாம். அவர் சிரித்தாராம். பிறகு ஆட்கள் இறங்குகிற கதவுக்கு முன்னால் போய், கரை வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்க, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாயாம். கதவு திறந்ததும் வேலை உடுப்போடேயே ஓடினாயாம். அறைகளின் திறப்புச் சாவிக் கோர்வை உன்ரை பொக்கற்றில். அடுத்த பயணம் வெளிக்கிட அறைகள் திறக்க முடியாமல் கப்பலில் பெரிய சண்டை.

"எனக்குப் பதினாலு அறையை விட்டுட்டுப் போனவன்" என்றானாம் ஆர்னே. "அந்தப் பதினாலையும் நான் தனியச் செய்தனான். அதை அவனுக்கு நான் கடைசி வரைக்கும் சொல்லிக் காட்டினனான்." அந்த வசனத்தைக் கேட்டதும் எனக்கு அவனைக் கொஞ்சம் பிடித்தது.

அவன் தானாகவே தொடர்ந்தான். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. "உன்ரை அப்பாவுக்குப் பிடிச்ச ஒரு செவிட்டு ஆள் இருந்தானே, பழைய காலத்துக் கப்பல் எழுத்தாளன். அவன்ரை மகள் சிலேட்டில கேப்பாள், அண்டைக்கு எந்தக் கப்பல் வெண்டது எண்டு. உன்ரை அப்பா அந்த இடத்தைச் சொல்லுற ஒவ்வொரு தரமும் சொல்லுவான், என்ரை மகள் கேட்டால் எனக்கு மறுமொழி இருக்கு, நான் கதவில நிண்டனான் எண்டு."

அவள் அதைத் தமிழில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள். என்னைப் பார்த்தாள். சிலேட்டுக்கு நோர்ஸ்கில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாதென்று அவளுக்குத் தெரியும். நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

உள்ளே போய் உன்ரை படத்தை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். ஆர்னே எழும்பி ஆணியைப் பார்த்து, அது சரியில்லை என்று சொல்லி, வேறு ஆணி கேட்டான்.

அவன் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மாமி, மாஸ்டர் அங்கிள் வந்து மன்னிப்புக் கேட்டவர். போன கோடையில. அழுதவர். அச்சடிக்க முதல் உங்களுக்கு வாசிச்சுக் காட்டினவராம்."

"ஓம்."

"உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம்."

"நீங்களே சொல்லுவீங்கள் எண்டு இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் காரணத்தைச் சொன்னேன். மண்டபம், சனம், சிரிப்பு, பதினொரு வருசம். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னதாய் இருக்கிறதென்று எனக்குக் கேட்டது. அவள் கோபப்படவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.

அதுதான் இப்போதைய நிலவரம், தம்பி. உன்ரை படம் சுவரில் இருக்கிறது. உன்னில் அவளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. என்னோடு கதைக்கிறாள், அளவாய். அது எனக்குக் காணும் என்று சொல்ல மாட்டேன். காணாது. ஆனால் கேட்க எனக்கு வாயில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். துரையின் வாழ்க்கையை, நீ வாசித்தபடி, முதல் வரியிலிருந்து நான் எழுதுகிறேன். தொடங்கிவிட்டேன். இரண்டு பக்கம் எழுதக் கை நோகுது. "நான்" என்று வருகிற இடமெல்லாம் "அவர்" என்று எழுதுகிறேன். உனக்குப் பிடிக்காது. மாஸ்டர் எழுதின மாதிரித்தான் இருக்கும். இருக்கட்டும். உன்ரை வாழ்க்கைக்கு வேறு கொப்பி வாங்கியிருக்கிறேன். அதில் முதல் பக்கம் ஆரணி பிறந்த அன்றைக்கு நீ கதவடியில் நின்றது. என்ரை கண் இருக்கும் மட்டும் இரண்டையும் முடிப்பேன்.

இன்னொன்று. நான் ஆரை மன்னித்தேன், ஆரை மன்னிக்கவில்லை என்று இஞ்சை எல்லாரும் கணக்காய்க் கேட்பார்கள். ஆர்னேயை மன்னித்துவிட்டேன். பத்மாவில் கோபமே இல்லை. மாஸ்டரையும் மன்னித்துவிட்டேன். அவர் தெரியாமல் செய்தார், தெரிந்ததும் அவள் வீட்டுக்குப் போய் அழுதார். தெரிந்துகொண்டு, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, நல்லாய் இருக்கு, அடியுங்கோ என்று சொன்ன ஆள் ஒருத்தி. அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன். பெயரைக் கீழே எழுதுகிறேன்.

உன்ரை மூத்த அக்கா
தங்கரத்தினம்